நேபாளத்து இல்லத்துக்கு நான்கு வாரம் போகலாமா?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மே மாத விடுமுறையில் தோழிகள் இருவரோடு காத்மாண்டு போய், அங்குள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் நான்கு வாரம் தங்கித் தொண்டு செய்ய ஆசைப்படுகிறேன். சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் ஏற்பாடு செய்கிறது. தங்குமிடம், சாப்பாடு, சான்றிதழ் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 85,000 ரூபாய்; விமான டிக்கெட் தனி. அம்மா சீட்டுப் பணத்திலிருந்து 15,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார். அடுத்த தவணைக்கு இன்னும் சில நாட்களே உள்ளன. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் உதவும் என்கிறார்கள். ஆனால் அதற்காக மட்டும் நான் போகவில்லை. எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். அப்பாவோ, "இங்கே இல்லாத அநாதைக் குழந்தைகளா? நேபாளம் வரை போக வேண்டுமா?" என்கிறார். நான் நினைப்பது தவறா? போவதென்றால் என்னென்ன கவனிக்க வேண்டும்? விண்ணப்பப் படிவத்தை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

போக வேண்டாம். தவணை நாள் நெருங்குவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேபாளத்தைச் சுற்றிப் பார்க்கத் தாராளமாகப் போய்வாருங்கள். குழந்தைகள் தங்கி வளரும் ஓர் இல்லத்துக்கு நான்கு வாரத் தொண்டராக மட்டும் போகாதீர்கள். உங்கள் எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த எண்ணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம்தான் சரியில்லை.

நீங்கள் அனுப்பிய படிவத்தை நிதானமாகப் படித்தேன். இரத்த வகை கேட்டிருக்கிறார்கள். சைவமா அசைவமா என்று கேட்டிருக்கிறார்கள். டி-ஷர்ட் அளவுகூடக் கேட்டிருக்கிறார்கள். இதற்கு முன் குழந்தைகளோடு வேலை செய்திருக்கிறீர்களா, உங்கள்மேல் ஏதேனும் வழக்கு உண்டா, உங்களை நன்கு அறிந்த ஆசிரியர் யார் என்று ஒரு கேள்வியும் இல்லை. காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும் கேட்கவில்லை. நீங்கள் நல்ல பெண் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. ஆனால் இதே படிவத்தை நிரப்பி, இதே தொகையைக் கட்டி வரும் இன்னொருவர் எப்படிப்பட்டவர் என்று அந்த இல்லத்துக்கு எப்படித் தெரியும்? நேபாளம் போக இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பதால் அந்த வழியிலும் ஒரு விசாரணை நடக்கப் போவதில்லை. ஒரே கூரையின்கீழ் குழந்தைகளோடு இரவு தங்கப் போகிறவரைப் பற்றி எதுவுமே கேட்காத ஏற்பாட்டில், அந்தக் குழந்தைகளுக்கு யார் காவல் என்று எனக்குப் பதறுகிறது. இந்த ஒரு காரணமே போதும். இதைவிடப் பெரிய காரணங்களும் இருக்கின்றன.

குழந்தைகள் என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இல்லத்துக்குள் நீங்கள் காலடி வைத்ததும் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பத்து நிமிடத்துக்குள் இரண்டு கைகளிலும் பிள்ளைகள் தொங்குவார்கள். "தீதி, தீதி" என்று அழைப்பார்கள். அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான்கு வயதுக் குழந்தை ஒன்று கேட்காமலே மடியில் ஏறி உட்காரும். என்னை எவ்வளவு சீக்கிரம் பிடித்துவிட்டது என்று உங்களுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

உங்கள் தெருவில் அதே வயதுக் குழந்தையைப் பாருங்கள். புது ஆள் வீட்டுக்கு வந்தால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளியும். எட்டிப் பார்க்கும், மறுபடி ஒளியும். மிட்டாயை நீட்டினால் வாங்கலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்க்கும். தன்னுடைய ஆள் யார், அயலார் யார் என்று அதற்குத் தெரியும். ஒரு குழந்தைக்கு முதன்முதலில் கிடைக்கும் பாதுகாப்பு அந்தத் தெளிவுதான். முன்பின் தெரியாத எவர் மடியிலும் ஏறி உட்காரும் குழந்தைக்கு அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. வருகிற எல்லோரையும் பிடித்துக்கொள்கிறது, ஏனென்றால் எவரும் நிலைப்பதில்லை. குழந்தைகள் நலப் பணியில் இருக்கும் நாங்கள் இதைப் பாசம் என்று எழுதமாட்டோம். கவனிக்க வேண்டிய அறிகுறி என்றே குறித்துவைப்போம்.

கடலூர்க்காரர்களான நமக்கு இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம் என்று கடலோரக் கிராமங்கள் ஒரே காலையில் சிதைந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அரசு இல்லங்களைத் திறந்தது. தனியார் இல்லங்களும் முளைத்தன. வெளியூரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் தொண்டர்கள் சாரை சாரையாக வந்தார்கள். அவர்களில் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் என்று எவரையும் நான் பார்க்கவில்லை. நான் அப்போது இந்த வேலைக்குப் புதிது.

ஒரு தனியார் இல்லத்தில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். புதிதாக யார் வந்தாலும் அவன் பெயரைக் கேட்கமாட்டான். "எப்போது ஊருக்குப் போவீர்கள்?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. நாளைக்கு என்றால் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடுவான். ஒரு மாதம் என்றால் தன் தகரப் பெட்டியைத் திறந்து காட்டுவான். அதற்குள் சாவிக்கொத்து வளையங்கள், வெளிநாட்டு நாணயங்கள், வந்துபோனவர்கள் எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டுகள். சீட்டுகளை ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தான். எழுதக் கற்றுக்கொண்டதும் அந்த முகவரிகளுக்குக் கடிதம் எழுதினான். நான் போகும்போதெல்லாம் பதில் வந்ததா என்று கேட்பான். சில மாதங்கள் கழித்துக் கேட்பதை நிறுத்திக்கொண்டான். கேட்டுக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட நிறுத்திய பிறகுதான் எனக்கு அவனைப் பற்றி அதிகக் கவலை வந்தது.

தாயையோ தந்தையையோ ஒருமுறை இழந்த குழந்தைக்கு, மாதம் ஒரு பிரிவை நாம் ஏற்பாடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் காத்மாண்டுவிலிருந்து புறப்படும் நாளில் அழுவீர்கள். கடலூர் வந்து சேர்ந்தால் அம்மா மடி இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் மறுநாள் வரும் அடுத்த தொண்டருக்கு அதே பாட்டைப் பாட வேண்டும்.

ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஓர் ஆய்வு தொடங்கியது. இல்லங்களில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பங்களுக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் மனிதர்களோடு ஒட்டுவதிலும் நன்றாகவே தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். சோறும் துணியும் இல்லத்திலும் கிடைத்தன. நாளும் மாறாத ஒரு முகம்தான் அங்கே கிடைக்கவில்லை. நான்கு வாரத்துக்கு ஒரு புது முகம் அந்தக் குறையைத் தீர்க்காது, இன்னும் கூட்டும்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். வணிகம் படிக்கிறவர் நீங்கள், இந்தக் கணக்கு உங்களுக்கு எளிதில் புரியும்.

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அந்தக் காலத்தில் ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். காத்மாண்டுவில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம், சண்டையிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். அதற்குப் பெற்றோரே நிலத்தை விற்றுப் பணம் கொடுத்ததும் உண்டு. காத்மாண்டு வந்ததும் பல பிள்ளைகளின் பெயர் மாறியது. அம்மா அப்பா இறந்துவிட்டதாகப் பொய்ச் சான்று தயாரானது. யார் கேட்டாலும் அப்படியே சொல்லவும் பழக்கினார்கள். போர் முடிந்தும் அந்தத் தொழில் முடியவில்லை. அங்குள்ள இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். இல்லங்களில் பெரும்பகுதி காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், போக்கரா இருக்கும் காஸ்கி, சித்வன் ஆகிய மாவட்டங்களில்தான் இருக்கின்றன. இவை சுற்றுலாப் பயணிகள் வரும் மாவட்டங்கள். வறுமை மிகுந்த மலை மாவட்டங்களில் இல்லங்கள் குறைவு. ஏன் என்று நீங்களே யோசியுங்கள். 2015 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்தபோது, பெற்றோர் துணையில்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக நேபாள அரசு தடை போட்டது. தரகர்கள் மறுபடி கிளம்பிவிடுவார்கள் என்ற அச்சம்தான் அதற்குக் காரணம்.

கம்போடியாவிலும் இதே கதை. 2005 முதல் 2010 வரையிலான ஐந்தாண்டுகளில் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. அவற்றில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் கூடவில்லை. சுற்றுலாப் பயணிகளும் அவர்கள் கொண்டுவந்த நன்கொடையும் கூடின. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையே, இல்லங்களில் தொண்டு செய்யும் சுற்றுலா குழந்தைக் கடத்தலுக்கு வழிவகுக்கக்கூடும் என்று தன் தீர்மானத்தில் எச்சரித்தது.

நீங்கள் போகப்போகும் இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக நடத்தும் இல்லமாகவே இருக்கலாம். போக்கிடமே இல்லாத குழந்தைகளும் உலகத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இல்லம் வேண்டும். ஆனால் நேர்மையான இல்லம் தன் பிள்ளைகளை எப்படி வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்று பார்க்கும். ஓர் ஆளுக்கு 85,000 ரூபாய் கட்டித் தொண்டர்கள் வந்துகொண்டே இருக்கும் இடத்தில், படுக்கைகள் காலியாகாமல் இருப்பதில் யாருக்கோ ஆதாயம் இருக்கிறது. நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள்: இந்தத் தொகையில் இல்லத்துக்குப் போவது எவ்வளவு? அந்த இல்லம் நேபாள அரசில் பதிவானதா, பதிவு எண் என்ன? கடந்த ஆண்டு எத்தனை குழந்தைகள் தங்கள் குடும்பத்தோடு சேர்ந்தார்கள்? கடைசிக் கேள்விக்கு எண் சொல்லமுடியாத இடத்துக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். நல்ல பதில் வந்தாலும், நான்கு வாரம் தங்கும் யோசனைக்கு என் விடை மாறாது.

அப்பா சொன்னதற்கு வருகிறேன். இங்கேயே குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நேபாளத்துக்குப் பதிலாகக் கடலூரிலேயே ஓர் இல்லத்துக்கு நான்கு வாரம் போனால் சரியாகிவிடுமா? ஆகாது. நம் ஊரிலும் நாம் செய்வது சரியில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறந்த நாளா, தாத்தாவின் திதியா, திருமண நாளா, இல்லத்துக்குப் போன் போட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிடுகிறோம். அதுவரை நல்லது. பிறகு குடும்பத்தோடு போகிறோம். பசியோடு பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பணம் கட்டியவர் வந்து சேரும்வரை சோறு விழாது. வந்ததும் எழுந்து நின்று வாழ்த்துப் பாட வேண்டும். முகமே தெரியாத ஒரு குழந்தையின் கேக்குக்குக் கைதட்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தன் பிறந்த நாள் எப்போது என்று தெரியாமல்கூட இருக்கலாம். ஒரு வாய் ஊட்டிவிட்டுப் படம் எடுத்து மாலைக்குள் வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போட்டுவிடுகிறோம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74, தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைப் படிப்பவர்கள் அன்னதானத்தை நிறுத்த வேண்டாம். பணத்தை அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பிள்ளைகள் தங்கள் நேரத்தில், தங்கள் பசிக்குச் சாப்பிடட்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள்.

ஒரு குழந்தை இல்லத்துக்கு வந்து சேரும் வழி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: அப்பா இறந்திருப்பார் அல்லது விட்டுவிட்டுப் போயிருப்பார்; அம்மா கூலி வேலைக்குப் போவார்; இரண்டு பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க முடியாமல், சாப்பாடும் படிப்புமாவது கிடைக்கட்டும் என்று ஒன்றைக் கொண்டுவந்து விடுவார். அந்த அம்மாவைப் பலப்படுத்தினால் பிள்ளை வீட்டிலேயே வளரும். இதற்காகவே மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. உங்கள் 85,000 ரூபாயை 4,000-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை 21 மாதம் தன் தாயோடு இருக்கலாம். விமான டிக்கெட்டை நான் சேர்க்கவே இல்லை.

பல தாய்மார்களுக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் வருமானச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதாரில் பெயர்ப் பிழை என்று அலைந்தே ஓய்ந்துவிடுவார்கள். ஒரு நாள் கூலியை விட்டுத்தான் தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே நாளை வா என்றால் இன்னொரு நாள் கூலியும் போய்விடும். பி.காம். படிக்கும் மூன்று பெண்கள் கடலூர் முதுநகர்ப் பக்கம் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, அந்தப் படிவங்களை நிரப்பி, எந்தக் காகிதம் குறைகிறது என்று பார்த்துச் சொன்னால் எத்தனை வீடுகள் கலையாமல் இருக்கும்! குழந்தை உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளாது. அதற்குக் கட்டிக்கொள்ள அம்மா இருப்பார்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அதற்கு ஆட்களே கிடைப்பதில்லை. 18 வயது நிறைந்ததும் பிள்ளைகள் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். 21 வயது வரை அவர்களுக்கு உதவ சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் வெளியே வந்த முதல் மாதம் திக்குத் தெரியாத காடுதான். மணி அடித்தால் சாப்பாடு என்று வளர்ந்தவர்களுக்கு வாடகை பேசத் தெரியாது, சம்பளத்தைப் பிரித்து வைக்கத் தெரியாது, ஏ.டி.எம். அட்டையை யாரிடம் கொடுக்கக்கூடாது என்று தெரியாது. நான் அறிந்த ஒரு பெண் முதல் சம்பளம் முழுவதையும் கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள் என்று கைமாற்றாகக் கொடுத்துவிட்டாள். இல்லை என்று சொல்லலாம் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இவர்கள் உங்கள் வயதுக்காரர்கள். மடியில் தூக்க வேண்டியதில்லை. தோழியாகப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதச் சொல்லித் தரலாம். ஓராண்டாவது தொடர்ந்து வர முடியும் என்றால் மட்டும் இதில் இறங்குங்கள். தேர்வு நேரத்தில் வர முடியாது என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொன்ன தேதியில் திரும்பி வாருங்கள். அவர்கள் வாழ்க்கையில் சொன்னபடி திரும்பி வந்தவர்கள் குறைவு.

இந்த இரண்டு வேலைகளுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்துக்கு எழுதுங்கள். மூவரும் சேர்ந்து ஒரு கடிதம். கல்லூரி முதல்வரின் பரிந்துரையும், காவல்துறைச் சான்றும் நீங்களாகவே இணைத்துவிடுங்கள். அவர்கள் உங்களைச் சோதித்துப் பார்க்கட்டும், அதற்காக வருத்தப்படாதீர்கள். உடனே பதில் வராவிட்டால் நேரில் போய்க் கேளுங்கள். மேற்படிப்பு விண்ணப்பத்தைப் பற்றிய கவலைக்கும் இதிலேயே விடை இருக்கிறது: பணம் கட்டி வாங்கிய நான்கு வாரச் சான்றிதழைவிட, ஓராண்டு தொடர்ந்து செய்த வேலையைப் பற்றி நீங்கள் சொந்தமாக எழுதும் ஒரு பக்கம் கனமாக இருக்கும்.

நேபாளத்தைப் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டாம். படிப்பு முடிந்து சொந்தச் சம்பளத்தில் போங்கள். காத்மாண்டுவில் யாராவது இல்லத்துக்குள் அழைத்துப் போய்க் குழந்தைகளைக் காட்டுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

கடைசியாக அந்த 15,000 ரூபாய். அம்மாவின் சீட்டுப் பணம் என்பதால் உங்களுக்குக் குற்ற உணர்வு இருக்கும். முன்பணம் போய்விடுமே என்று மீதி 70,000 ரூபாயையும் கட்டிவிடாதீர்கள். இன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள்: பயணத்தை விலக்கிக்கொள்கிறேன், முன்பணத்தைத் திருப்பித் தரவும் என்று இரண்டு வரி போதும். ரசீது நகலையும், பணம் திருப்புவது பற்றி அவர்கள் முன்பு அனுப்பிய விதிமுறைகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தோழிகள் இருவரும் விலகுவதாக இருந்தால் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒருவர் பெயரில் மூவருக்கும் சேர்த்து எழுத வேண்டாம். இந்த விஷயத்தில் அப்பாவிடம் மறைக்காமல் பேசிவிடுங்கள், பதிவுத் தபால் அனுப்ப அவரையும் உடன் அழைத்துப் போங்கள்.